சுவர் தாண்டும் செடிகள்: எதை அடக்கலாம், எதைப் பிடுங்க வேண்டும்?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கைப்பிடிக் கொடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "மஞ்சள் கரிசலாங்கண்ணி தம்பி. சும்மா மண்ணுல செருகி விடு, தானா வரும்" என்றார்.

தானாகத்தான் வந்தது. குழாயடியில் செருகிய ஏழு துண்டும் பிழைத்தன. மூன்றாவது மாதம் நடைபாதைக் கல்லைக் காணோம். பச்சைப் பாய் விரித்த மாதிரி, நடுவே மஞ்சள் பூக்கள். வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், நானும் பெருமையாக நின்றேன். ஆறாவது மாதம் எதற்கோ சுவருக்கு வெளியே போனேன். மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருந்த துளை வழியாக அது எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கால்வாய்க் கரையில் பத்தடிக்குப் படர்ந்து, அங்கே முன்பு இருந்த சின்னச் செடிகள் எதையும் காணவில்லை.

அது மஞ்சள் கரிசலாங்கண்ணியே இல்லை. வெடேலியா. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை அதன் பூர்வீகம். தரையை மூடும் அழகுச்செடி என்று உலகம் முழுக்க நட்டு, இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 'உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் இனங்கள்' பட்டியலில் நிற்கிறது. இரண்டுக்கும் பூ கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பூவைப் பார்க்காதீர்கள். இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். வெடேலியா இலையில் நடு நுனிக்கு இரண்டு பக்கமும் தோள்பட்டை மாதிரி ஒவ்வொரு மடல் துருத்தி நிற்கும், மொத்தம் மூன்று மடல். தடிப்பாக, மினுமினுப்பாக இருக்கும். கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும், அந்தத் தோள்பட்டை இருக்காது. ஒரே கொடியிலும் இலைக்கு இலை கொஞ்சம் மாறும், ஆகவே நாலைந்து இலை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். மூலிகை என்று நினைத்துப் பறிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அந்த ஏழு துண்டை ஒழிக்க எனக்கு ஒன்றேகால் வருஷம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேகம் குற்றமல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மைப் பாடாய்ப் படுத்தும் செடி எல்லாம் ஆக்கிரமிப்புச் செடி ஆகிவிடாது. புதினா தொட்டியை விட்டு இறங்கிப் பாத்தி முழுக்க ஓடும். அது தொல்லை, அவ்வளவுதான். அருகம்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'அருகு போல் வேரூன்றி' என்று நம் ஆட்கள் வாழ்த்தியதே அது லேசில் போகாது என்பதால்தானே. ஆனால் பாத்தியில் களை என்பது வேறு, ஒரு நிலத்தையே அழிக்கிற ஆக்கிரமிப்பு என்பது வேறு.

ஒரு செடியை ஊடுருவும் அயல் தாவரம் என்று சொல்ல மூன்று விஷயம் சேர வேண்டும். மனிதர் கொண்டுபோனதால் தன் பூர்வீக எல்லைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். நம் உதவி இல்லாமல் தானாகப் பெருகிப் பரவ வேண்டும். பரவிய இடத்தில் ஏற்கெனவே வாழ்கிற செடி, பூச்சி, பறவை, நீர்நிலை ஆகியவற்றுக்குக் கேடு செய்ய வேண்டும். 1992ஆம் ஆண்டின் உயிரியல் பன்மய உடன்படிக்கை, இப்படிப்பட்ட இனங்கள் நுழையாமல் தடுப்பதையும் நுழைந்தவற்றைக் கட்டுப்படுத்துவதையும் நாடுகளின் கடமையாக வைத்திருக்கிறது.

மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். முள்ளால் சட்டையைக் கிழிக்கும், ஆனால் தோட்டங்களில் வளர்க்கும் பெரும்பாலான ரகங்கள் விதையே வைப்பதில்லை. நட்ட இடத்தில் நிற்கும். 'அயலிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது' என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிவியல் அமைப்பான ஐபிபெஸ் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மனிதர் இடம் மாற்றிக் குடியேறிய இனங்கள் 37,000க்கு மேல், அவற்றில் கேடு செய்பவை 3,500க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறது. அயல் தாவரங்களை மட்டும் எடுத்தால் ஊடுருவுபவை சுமார் 6 சதவீதம். நூற்றுக்கு ஆறு என்பது சின்ன எண் மாதிரி தெரியும். என் கால்வாய்க் கரைக்கு அதில் ஒன்று போதுமாக இருந்தது.

இடம் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் காசித்தும்பை. முற்றிய காயை விரலால் தொட்டால் சுருண்டு வெடித்து விதையை வீசுமே, அது. இந்தியா அதற்குச் சொந்த ஊர். அடுத்த மழைக்குத் தோட்டம் முழுக்க முளைக்கும், வேண்டாததைக் கிள்ளி எறிந்தால் போயிற்று. அதன் உறவுக்காரச் செடி ஒன்று இமயமலையில் இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் மற்ற செடிகளோடு ஒன்றாக இருந்துகொண்டிருந்தது. பூ அழகாக இருக்கிறது என்று 1839இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அது காயை வெடித்து விதையை 7 மீட்டர் வரை வீசும், அருகில் ஆறு இருந்தால் மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இன்று அங்கே ஆற்றங்கரைகளில் ஆள் உயரத்துக்கு அடர்ந்து நிற்கிறது. குளிர்காலத்தில் மொத்தமாக மடிந்து கரையை வெறும் மண்ணாக விட்டுவிட, கரை அரிக்கிறது. இமயத்தில் அதைச் செடி என்கிறார்கள், பிரிட்டனில் ஊடுருவி என்கிறார்கள்.

ஆகவே 'இது வேகமாகப் பரவுமா?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'என் சுவரைத் தாண்டினால் யார் துணையும் இல்லாமல் பிழைக்குமா? பிழைத்தால் அங்கே இருப்பதை விரட்டுமா?' என்று சேர்த்துக் கேளுங்கள்.

வாங்கும் முன்பே செடியைப் படிப்பது

செடி தன் குணத்தை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். நர்சரியில் நிற்கும்போது இரண்டு நிமிஷம் செலவழித்தால் படித்துவிடலாம்.

முதலில் தண்டின் கணுவைப் பாருங்கள். தரையில் படும் கணுவில் வெள்ளை வெள்ளையாக வேர் மொட்டுத் தெரிந்தால், ஒவ்வொரு கணுவும் தனிச்செடி ஆகும் என்று அர்த்தம். வெடேலியா இப்படித்தான். பிறகு தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். மெல்லிய வேர் எட்டிப் பார்ப்பது சகஜம். கூரான முளையோ தடித்த ஓடுதண்டோ துளையைத் தேடி வந்திருந்தால் அது மண்ணுக்கடியில் நடக்கிற ஜாதி. வெயில் காலத்துப் பூவுக்காக வைக்கிற கொடிரோஜாவுக்கு (பெயரில்தான் ரோஜா, இது ஆன்டிகோனான் என்ற வேறு கொடி) அடியில் கிழங்கு இருக்கும், மேலே எத்தனை முறை வெட்டினாலும் கீழிருந்து வரும்.

காய், விதை எப்படிப் பயணம் போகும் என்பது அடுத்தது. பஞ்சு ஒட்டியிருந்தால் காற்று கொண்டுபோகும். சின்னச் சதைப்பழமாக இருந்தால் பறவை. உண்ணிச்செடி உலகைச் சுற்றியது அந்தக் கறுப்புப் பழத்தால்தான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து பூங்காவில் வைத்தார்கள், பறவைகள் தின்று காட்டுக்குள் விதைத்தன. இன்று இந்தியக் காடுகளில் மான் மேயும் புல் இருந்த இடத்தில் முள்புதராக நிற்கிறது. பட்டாசுக்காய்ச் செடி தெரியுமல்லவா, ஊதாப் பூ, நீளக் காய், எச்சில் தொட்டு வைத்தால் கையிலேயே படார் என்று வெடிக்குமே. அது மழைத்துளி படும்வரை காத்திருந்து, ஈரம் கிடைத்ததும் விதையை வீசும். முளைக்க எது நல்ல நாள் என்று அதற்குத் தெரியும்.

இலையிலேயே குட்டி போடுகிற வகையும் உண்டு. 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று பெயர் வைத்தவர் செடியைச் சரியாகப் படித்தவர். இலையைப் பறித்துக் கட்டித் தொங்கவிட்டாலே விளிம்பின் பல்லிடுக்குகளில் வேரோடு குட்டிச்செடிகள் கிளம்பும். இதே குடும்பத்தில் மடகாஸ்கரிலிருந்து போன ஒரு செடி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேய்ச்சல் நிலங்களில் பரவிவிட்டது. அதன் பூவைத் தின்று மாடுகள் இறக்கின்றன.

விற்பவர் சொல்லும் வார்த்தையையும் காதில் வாங்குங்கள். 'ஒரு மாசத்துல மூடிடும்', 'தண்ணியே வேண்டாம்', 'வெட்ட வெட்ட வரும்'. இவை மூன்றும் ஒரே செடிக்குச் சொல்லப்பட்டால் நான் பர்சை மூடி வைத்துவிடுவேன்.

கடைசியாக, தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பெயரை நம்பி நான் பட்டது போதும். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் பூர்வீகம் எது, எந்த நாட்டில் தடை, உங்கள் பகுதியின் பட்டியலில் இருக்கிறதா என்பது ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். உங்கள் ஊர் மாதிரியே வெயிலும் மழையும் உள்ள வேறொரு நாட்டில் அது காட்டுக்குள் புகுந்திருந்தால், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் சாதுவாக இருந்ததும் சான்று ஆகாது. பல செடிகள் பல பத்தாண்டு அடங்கிக் கிடந்துவிட்டுப் பிறகுதான் பரவத் தொடங்கியிருக்கின்றன. அரசாங்கமே நடச் சொன்னது என்பதும் சான்று ஆகாது. அமெரிக்காவில் குட்சு கொடி 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அழகுக்கொடியாக அறிமுகமானது. 1930களில் மண் அரிப்பைத் தடுக்க அரசே விவசாயிகளை நட வைத்தது. இன்று தென் மாநிலங்களில் மரத்தையும் வீட்டையும் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஆசை விடவில்லை, வளர்த்தே தீருவேன் என்றால்

சரி, வளருங்கள். முதலில் வெளியே ஒரு நடை போய் வாருங்கள். சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது? கால்வாய், ஆறு, குளம், காட்டோரம் என்றால் தண்ணீரில் போகிறதும் பறவை தின்கிறதும் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் சிமெண்ட் என்றால் கொஞ்சம் தைரியம் உண்டு. கொஞ்சம்தான், பறவைக்குச் சிமெண்ட் ஒரு பொருட்டா?

ஓடுதண்டு உள்ளவை தொட்டிக்குத்தான். தொட்டியை மண் மேல் வைக்காதீர்கள். அடித்துளை வழியாக இறங்கிவிடும், நீங்கள் தொட்டியில் வளர்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு செங்கல் போட்டு உயர்த்தி வையுங்கள், அடியில் கை நுழைய வேண்டும். மாதம் ஒரு முறை கையை விட்டுத் தடவினால் எது இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மூங்கிலில் இரண்டு ஜாதி. கொத்து மூங்கில் ஒரே இடத்தில் தூர் கட்டும், ஓடும் மூங்கில் பூமிக்கடியில் போய்ப் பத்தடி தள்ளித் தலை காட்டும். கழிகள் நெருக்கமாக ஒரே குத்தாக நின்றால் முன்னது, விட்டு விட்டு வரிசையாகக் கிளம்பியிருந்தால் பின்னது. ஓடுவதைத்தான் வைப்பேன் என்றால் சுற்றிலும் இரண்டரை அடி ஆழத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தகடு இறக்கி, மேலே இரண்டு அங்குலம் வெளியே தெரிய விட வேண்டும். மேலே ஏறித் தாண்டுகிற வேரை வருஷம் இரண்டு முறை அங்கேயே வெட்ட வேண்டும். தகடு இறக்கிவிட்டு மறந்து போகிறவராக இருந்தால் கொத்து மூங்கிலே வையுங்கள்.

விதையில் பரவுவதற்கு வைத்தியம் எளிது, வாடிய பூவை உடனே கிள்ளுவது. ஒரு வாரம் வெளியூர் போனால் தவறிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீர்ச்செடிகளுக்கு மட்டும் என்னிடம் சலுகை இல்லை. ஆகாயத்தாமரை அமேசான் படுகையிலிருந்து பூவுக்காகக் கொண்டுவரப்பட்டது. தோதான தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். மீன்தொட்டி கழுவுகிற தண்ணீரோடு ஒரு துணுக்கு சாக்கடையில் போனாலும் போதும். கழுவின தண்ணீரைத் தொட்டிச்செடிக்கு ஊற்றுங்கள், மிஞ்சிய செடியைத் தரையில் விரித்து மொறுமொறுவென்று காயும்வரை விடுங்கள்.

பிடுங்கும்போது நான் செய்த தப்பு

வெடேலியா மேல் கோபம் வந்த முதல் நாள் மண்வெட்டியை எடுத்துக் கொத்தித் தள்ளினேன். மனசுக்கு ரொம்ப நிறைவாக இருந்தது. ஒரு கொடியை இருபது துண்டாக்கி, மண்ணோடு புரட்டி, மேலே மழையும் பெய்து, நானே விதைத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று வாரத்தில் முன்பைவிட அடர்த்தி.

அப்புறம்தான் வழி புரிந்தது. மழை பெய்த மறுநாள், மண் இளகி இருக்கும்போது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் கைவைக்கக் கூடாது. கொடியின் நுனியைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் கணுக்கணுவாக வேர் விடுபடும் சத்தம் கேட்கும், 'படக் படக்' என்று. அறுந்தால் அங்கேயே நிறுத்தி, களைக்கொத்தால் அடுத்த கணுவைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பாயைச் சுருட்டுவது போல உருட்டிக்கொண்டே போனால் மொத்தமும் சுருளாக வந்துவிடும். துணுக்குகளைப் பொறுக்க ஒரு பழைய சாக்கு பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலடிக்கு நாலடி போதும், அதற்கு மேல் போனால் அவசரம் வந்து துண்டாக்கத் தொடங்கிவிடுவோம்.

எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். அட்டைப்பெட்டியை விரித்து, ஒன்றன் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி வைத்து, நனைத்து, மேலே அரை அடி சருகு மூடாக்குப் போட்டேன். இடுக்கில் வந்ததை வாரம் ஒரு முறை பிடுங்கினேன். வெயில் கொளுத்துகிற மாதமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணில் உள்ள விதையில் பெரும்பகுதி வெந்துவிடும். ஆழத்துக் கிழங்குக்கு அது போதாது.

கோரையிடம் இந்த வித்தை எதுவும் செல்லாது. இலையைப் பிடித்து இழுத்தால் இலை வரும், கிழங்கு உள்ளே சிரிக்கும். கிழங்குகள் நூலில் கோத்த மணி போல ஒன்றோடொன்று தொடுத்திருக்கும், ஒன்றை அறுத்தால் மற்றது விழித்துக்கொள்ளும். அகலமாகத் தோண்டி மண்ணைச் சல்லடையில் சலிப்பதுதான் சின்னப் பாத்திக்கு நான் கண்ட வழி. பெரிய இடமென்றால் மூன்று நாலு இலை விடும்போதெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்து, கிழங்கின் கையிருப்பைக் கரைக்க வேண்டும். பொறுமை வேண்டும். எனக்கு அது பாதிதான் உண்டு, அதனால் கோரையும் பாதி போயிருக்கிறது.

சில செடியிடம் தனியாக மோதாமல் இருப்பதே புத்தி. ஜப்பானிய நாட்வீடு என்று ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அழகுச்செடியாக ஐரோப்பாவுக்குப் போனது. பிரிட்டனில் பரவியிருப்பது ஏறக்குறைய முழுவதும் ஒரே பெண்செடியின் துண்டுகள். விரல்நகம் அளவு கிழங்குத் துண்டே முளைத்துவிடும். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெளியிடத்தில் பரப்புவது அங்கே குற்றம். அந்த ரகச் செடி உங்களிடம் இருந்தால் தோண்டாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். களைக்கொல்லி பற்றியும் அதுதான் என் யோசனை. தண்ணீர் அருகில் தெளிக்கவே கூடாது, மற்ற இடத்தில் லேபிளில் எழுதியபடி மட்டும்.

பிடுங்கியதை எங்கே போடுவது? கம்போஸ்ட் குழியில் போட்டால் நீங்கள் உரம் போட்டு வளர்க்கிறீர்கள். காலி மனையில் எறிந்தால் ஊருக்கு நட்டுக் கொடுக்கிறீர்கள். தோட்டச் செடிகள் வெளியே தப்பிப் போகிற வழிகளில் இதுவும் ஒன்று. நான் கறுப்பு உறையில் திணித்து, வாயை இறுகக் கட்டி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு மாதம் விட்டேன். அவிழ்த்தபோது கொழகொழவென்று நாற்றமடித்தது. அந்த நாற்றம் வந்தால்தான் குழிக்குப் போக அனுமதி. ஒரு உறையில் மட்டும் நடுவே ஒரு கணு வெளுத்துப்போய் உயிரோடு இருந்தது. திரும்பக் கட்டி இன்னும் ஒரு மாதம்.

கால்வாய்க் கரையைச் சுத்தம் செய்து முடித்த பிறகு, இரு கையிலும் ஒவ்வொரு இலையாக அக்கா வீட்டுக்குப் போனேன். ஒன்று வெடேலியா, இன்னொன்று தேடிக் கண்டுபிடித்த உண்மையான கரிசலாங்கண்ணி. இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தனை நாள் எல்லாருக்கும் குடுத்தது?"

"யார் யாருக்குக்கா குடுத்தீங்க?"

திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினோம். ஐந்து பேர். நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது, இருவர் பிடுங்கவும் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாமவர் போன வருஷமே வீடு மாறிப் போய்விட்டார். போகும்போது ஆசையாக ஒரு தொட்டியில் அந்தக் கொடியையும் எடுத்துக்கொண்டு போனாராம்.